கொடைக்கானலுக்கு முன் நிறுத்திய மாத்திரைகள்

சென்ற தை மாதம் எங்கள் அண்ணனுக்குச் சாந்தி நடந்தது. அறுபதாம் கல்யாணத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைத் திறந்து, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஒட்டடை அடித்து, ஆத்தங்குடிக் கற்களைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து முடிப்பதற்குள் உறவினர்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகனும் வந்திருந்தான். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, விளக்கு வைக்கும் நேரத்தில், அவன் என் மருந்துக்கடைக்கு வந்து நின்றான்.

“அத்தை, வாந்தி மாத்திரை ஒரு அட்டை குடுங்க. சாந்தி முடிஞ்சதும் கூட்டாளிகளோட கொடைக்கானல் போறேன்.”

மலைப்பாதை வளைவுகளில் பலருக்கும் குமட்டும் என்பதால் நான் மறுபேச்சில்லாமல் ஓண்டான்செட்ரான் அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். காசைக் கொடுத்த பிறகும் அவன் நகரவில்லை. எனக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தபடியே கேட்டான்: “எஸ்சிட்டலோபிராமை நிறுத்தினா எத்தனை நாள்ல அத்தை உடம்பை விட்டுப் போகும்?”

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவிலுள்ள ஓர் ஊரில் 26 ஆண்டுகளாக இந்தக் கடையை நடத்துகிறேன். அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்பவர் மாத்திரையை ஏற்கெனவே நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டேன். ஒன்பது நாள் ஆகிவிட்டது என்றான்.

அவன் சாப்பிட்டுவந்த மருந்துகள் மூன்று: காலையில் மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 20 மி.கி., மனநிலை ஏறி இறங்காமல் இருக்கக் காலையும் இரவும் லித்தியம் கார்பனேட் 400 மி.கி., படுக்கப் போகும்போது குவெட்டியபின் 50 மி.கி. மூன்றையும் ஒரே நாளில் விட்டிருந்தான். கொடைக்கானலில் போதைக் காளான் சாப்பிடுவது என்று கூட்டாளிகளோடு முடிவு செய்திருக்கிறான். மனச்சோர்வுக்கு அந்தக் காளானில் உள்ள சைலோசைபின் நல்ல மருந்து என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வதாகப் படித்திருக்கிறான். மனநல மாத்திரைகள் உடம்பில் இருந்தால் அது வேலை செய்யாது என்றும் படித்திருக்கிறான். “உடம்பு சுத்தமா இருக்கணும் அத்தை” என்றான். இதை எழுத அவனிடம் அனுமதி கேட்டேன். என்னைப் போல் வேறு யாராவது செய்திருப்பார்கள், எழுதுங்கள் என்று அவனே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

சுத்தம் என்ற அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் காசிக்குப் புறப்பட்டார். பரோக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை நான்கு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்தவர். கங்கையில் முழுகப் போகிறவளுக்குப் பைத்திய மாத்திரை எதற்கு என்று நினைத்து, புறப்படும் நாளோடு அதை நிறுத்திவிட்டார். கிளம்புவதற்கு முன் கடைக்கு வந்து, “இதை நிறுத்தினா ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்கவும் செய்தார். கடையில் கூட்டம், “டாக்டரைக் கேட்டுக்குங்க ஆச்சி” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டேன். அது என் தவறு. திரும்பி வந்தபோது அவரால் நேராக நிற்க முடியவில்லை. “தலையைத் திருப்பினா உள்ளுக்குள்ள கரண்டு அடிக்குது ஆத்தா” என்று இரண்டு கைகளாலும் கன்னங்களைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மெல்ல என் பக்கம் திருப்பிச் சொன்னார். இவ்வகை மாத்திரைகளைத் திடீரென்று விடும்போது வரும் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, அந்த மின்னதிர்ச்சி போன்ற உணர்வு எல்லாம் மருத்துவ நூல்களில் நன்கு பதிவானவை. உடலிலிருந்து விரைவில் வெளியேறும் பரோக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் அவை கடுமையாக வரும். நூலில் படித்திருந்த அதை அந்த முகத்தில் பார்த்தபிறகு, நிறுத்துவதைப் பற்றிக் கேட்கும் எவரையும் நான் ஒற்றை வரியில் அனுப்பியதில்லை.

ஆச்சிக்குக் காசி, அண்ணன் மகனுக்குக் காளான். இருவருமே ஒரு பெரிய காரியத்துக்கு முன் மாத்திரையைத் தீட்டைப் போலக் கழித்துவிட நினைத்தார்கள். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சொல்லிலேயே அந்த எண்ணம் ஒளிந்திருக்கிறது: ‘வாஷ் அவுட்’ என்பார்கள், அதாவது கழுவி வெளியேற்றுவது. ஆய்வுக்கூடத்தில் அது வெறும் கால அளவு. பெங்களூரில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து படிக்கும் 31 வயதுப் பையனுக்கு, அவனை மூன்று ஆண்டுகள் தாங்கி நிறுத்திய மருந்துகளை அழுக்கு என்று எண்ண வைக்கும் சொல்லாக அது மாறிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் மனநோய் புதிதல்ல. என் தலைமுறைக்கு முன்பு அதை வெளியில் சொல்லாமல், மனநோய் தீரும் என்று நம்பப்படும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் தங்க வைப்பார்கள். அல்லது பின்கட்டு அறையில் வைத்து அடைத்துவிடுவார்கள். சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் மாத்திரைப் பெட்டியை ஒளிக்காமல் வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் “மூடுக்கு சாப்பிடுறேன்” என்று சொன்ன முதல் ஆள் இவன்தான். அதனால்தான் அந்தப் பெட்டியை அவன் மூடி வைத்தது எனக்கு அவ்வளவு வலித்தது.

அன்றிரவு சாந்தி வீட்டுக் கொல்லையில் தவசிப்பிள்ளைகள் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து நள்ளிரவு தாண்டும் வரை பேசினோம். அவனைத் திட்டுவதால் பயனில்லை. அவன் படித்ததில் பாதி உண்மை. ஆகவே அந்தப் பாதியிலிருந்தே தொடங்கினேன்.

செரட்டோனின் என்ற பொருளை உடல் பல வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது குடலில்தான். அதை ஏற்கும் ஏற்பிகள் ஏழு குடும்பங்களாகப் பிரிந்திருக்கின்றன. அவன் வாங்கவந்த வாந்தி மாத்திரைகூட மூன்றாம் வகை ஏற்பியை அடைத்துத்தான் குமட்டலை நிறுத்துகிறது. சைலோசைபின் உடலுக்குள் போனதும் சைலோசின் ஆக மாறி, மூளையில் 5-எச்.டி.2ஏ என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. காட்சிகள் விரிவதும், நான் என்ற எல்லை தளர்வதும் பெரும்பாலும் அந்த ஒரு தூண்டலின் வழியாகவே நடக்கின்றன. இதேபோல் காட்சிகளை உண்டாக்கும் எல்.எஸ்.டி., மெஸ்கலின், டி.எம்.டி. ஆகியவற்றுக்கும் அதுவே முதன்மையான வழி.

இதை மனிதரிடம் உறுதி செய்தது 1998-ல் சூரிக் நகரில் ஃபிரான்ஸ் வோலன்வைடர் குழுவினர் செய்த ஆய்வு. நலமாக உள்ளவர்களுக்குச் சைலோசைபின் கொடுப்பதற்கு முன் சிலருக்குக் கெட்டான்செரின், சிலருக்கு ரிஸ்பெரிடோன், சிலருக்கு ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். முதல் இரண்டும் 5-எச்.டி.2ஏ ஏற்பியை அடைப்பவை; அவற்றைச் சாப்பிட்டவர்களுக்குச் சைலோசைபினின் மயக்கக் காட்சிகள் வரவில்லை. ஹாலோபெரிடால் முக்கியமாக டோபமைன் ஏற்பியை அடைப்பது. அது அந்தக் காட்சிகளைத் தடுக்கவில்லை. மனநோய் மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு முடிவே போதும். கடை அலமாரியில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மருந்துகள், காளானைப் பொறுத்தவரை நேர் எதிராக நடந்துகொள்கின்றன.

குவெட்டியபின், ஒலன்சபின், ரிஸ்பெரிடோன் மூன்றுமே அந்த ஏற்பியில் ஏறி அமர்பவை. தூக்கத்துக்கும் சோர்வுக்கும் கொடுக்கப்படும் மிர்ட்டசபின், ட்ரசோடோன் ஆகியவையும் அப்படித்தான். திண்ணையில் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது அடுத்தவருக்கு உட்கார இடம் இருக்காது. எனவே இரவில் குவெட்டியபின் சாப்பிடுகிறவருக்குக் காளானின் விளைவு மங்கும் என்று அவன் படித்தது சரிதான். ஆனால் அது எதற்காகக் கொடுக்கப்பட்டது? இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு இரவுகள் தூங்காமல், இருந்த சேமிப்பையெல்லாம் பங்குச்சந்தையில் போட்டு, நள்ளிரவில் அண்ணனை எழுப்பித் தன் திட்டங்களை விளக்கிய அந்த வாரத்துக்குப் பிறகு கொடுக்கப்பட்டது. இதை நான் கேட்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எஸ்சிட்டலோபிராமின் கதை இவ்வளவு நேர்க்கோடாக இல்லை. அது ஏற்பியை அடைப்பதில்லை. வெளிவந்த செரட்டோனினை நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயிலை அடைக்கிறது. மாதக்கணக்கில் செரட்டோனின் மிகுந்திருக்கும் சூழலுக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பான்சன், மர்ஃபி ஆகியோர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் எல்.எஸ்.டி.யின் விளைவு குறைந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய வகையான ட்ரைசைக்ளிக் மாத்திரைகளும் லித்தியமும் சாப்பிட்டவர்களோ விளைவு கூடியதாகச் சொன்னார்கள். இங்கேயும் ஒரே நோய்க்கான மருந்துகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மத்தியாஸ் லீக்டி குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இவன் மாத்திரையையே எடுத்துக்கொண்டது. நலமாக உள்ள 23 பேருக்கு எஸ்சிட்டலோபிராம் ஒரு வாரம் 10 மி.கி., மறுவாரம் 20 மி.கி. கொடுத்து, அதன்பின் சைலோசைபின் 25 மி.கி. கொடுத்தார்கள். இனிய உணர்வுகள் குறையவில்லை. அச்சமும் மற்ற வேண்டாத விளைவுகளும் குறைந்தன. இதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. “அப்ப நிறுத்தவே தேவையில்லையா அத்தை?” என்றான். பொறு என்றேன். அது இரண்டு வாரம் மட்டும் மாத்திரை சாப்பிட்ட, நோயில்லாதவர்களின் உடல். மூன்று ஆண்டுகள் சாப்பிட்ட உன் மூளையின் பழக்கம் வேறு.

நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வு 2022-ல் கைய் குட்வின் முதலானோர் வெளியிட்டது. பல மருந்துகளுக்கும் மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேர் கலந்துகொண்டார்கள். 25 மி.கி., 10 மி.கி., 1 மி.கி. என்று மூன்று குழுக்கள். மூன்றாம் வார முடிவில் 25 மி.கி. குழுவில் 37 விழுக்காட்டினருக்கும், 1 மி.கி. குழுவில் 18 விழுக்காட்டினருக்கும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. அவன் படித்த நம்பிக்கைச் செய்தி இதுதான். அந்தச் செய்தியில் அவன் தாண்டிப்போன இடங்களும் உண்டு. எல்லாக் குழுக்களிலுமே சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மாத்திரை சாப்பிட்டுவந்தவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் அதைக் குறைத்து நிறுத்திய பிறகே மருந்து கொடுக்கப்பட்டது. சோர்வும் உச்சநிலை வெறியும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். இவனுக்கு இருப்பது அந்த நோய்தான். அவன் மருத்துவச் சீட்டோடு அங்கே போய் நின்றிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அடுத்த ஆண்டு அதே குழுவினர், மாத்திரையை நிறுத்தாமலே தொடர்ந்த 19 பேருக்குச் சைலோசைபின் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றாம் வாரத்தில் 8 பேர் தேறியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வுதான். ஆனாலும் நிறுத்தினால்தான் வழி திறக்கும் என்ற பேச்சைத் தளர்த்துவதற்கு அது போதும் என்பது என் எண்ணம்.

அவன் கேட்ட நாள் கணக்குக்கும் பதில் சொன்னேன். எஸ்சிட்டலோபிராம் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். ஒரு வாரத்தில் இரத்தத்திலிருந்து அநேகமாக நீங்கிவிடும். அதே வகையைச் சேர்ந்த ஃபுளுவாக்ஸெடின் அப்படி இல்லை. அது மாறி உண்டாகும் நார்ஃபுளுவாக்ஸெடின் வாரக்கணக்கில் தங்கும், அதனால்தான் அதன்பின் எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்துகள் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்க 5 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் இரத்தத்தை விட்டு மாத்திரை போவதும், மாத்திரையால் மூளை ஏற்றுக்கொண்ட மாற்றம் போவதும் வேறு வேறு. 2023-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கருத்தாய்வில், மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் வரைகூடக் காளானின் விளைவு மங்கலாக இருந்ததாகப் பலர் கூறியிருக்கிறார்கள். ஒன்பது நாளில் கழுவி முடியும் என்று இவன் போட்ட கணக்கு, இவன் நோக்கத்துக்கே உதவாத கணக்கு. மாத்திரை தந்த காப்பும் போயிருக்கும்; காளானும் அவன் எதிர்பார்த்தபடி வேலை செய்திருக்காது; அப்போது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அளவைக் கூட்டத் தோன்றும்.

குறைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 20 மி.கி.யை 10 ஆக்குவதும், 10-ஐ 5 ஆக்குவதும் ஒரே மாதிரிப் பாதி பாதியாகத் தெரியலாம். மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019-ல் விளக்கியதுபோல, அளவுக்கும் மூளையில் நடக்கும் விளைவுக்கும் உள்ள உறவு நேர்க்கோட்டில் செல்வதில்லை. எங்கள் ஊருணியில் இறங்குபவர்களுக்கு இது உடனே விளங்கும்: மேல் படிகள் அகலமாக, மெல்லச் சரிந்து இறங்கும், தண்ணீருக்குள் இருக்கும் கடைசிப் படிகள் ஆழமானவை, அங்கேதான் கால் நழுவும். கடைசிச் சில மில்லிகிராம்களைத்தான் மிக மெதுவாகக் குறைக்க வேண்டும். பிளேடால் மாத்திரையை இரண்டாக உடைத்து ஒரு வாரம், பிறகு ஒன்றுமில்லை என்று முடிப்பவர்கள் ஆழப் படியில் கண்ணை மூடிக்கொண்டு கால் வைக்கிறார்கள்.

இதுவரை பேசியதெல்லாம் மங்குவதைப் பற்றியும் தவிப்பதைப் பற்றியும். என்னை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது லித்தியம்.

சந்தீப் நாயக் முதலான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு வேலை செய்தார்கள். காளான், எல்.எஸ்.டி. போன்ற சைகடெலிக் பொருள்களோடு இருமுனை நோய்க்கான மருந்துகளையும் சேர்த்து எடுத்தவர்கள் இணையத்தில் எழுதிய அனுபவங்களைத் திரட்டிப் படித்தார்கள். லித்தியத்தோடு எடுத்த 62 அனுபவங்களில் 47 விழுக்காட்டில் வலிப்பு வந்திருந்தது. அதே நோய்க்கான இன்னொரு மருந்தாகிய லாமோட்ரிஜினோடு எடுத்த 34 அனுபவங்களில் ஒன்றில்கூட வலிப்பு இல்லை. கெட்டது நடந்தவர்களே அதிகம் எழுதியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மருந்துகளுக்கும் அதே இடத்தில், அதே முறையில் திரட்டிய கணக்கில் இப்படி ஒரு வேறுபாடு இருப்பதைப் பார்த்தபிறகு, லித்தியம் சாப்பிடுகிறவரை இந்தப் பொருள்களின் பக்கமே போகவிடக் கூடாது என்ற முடிவுக்கு வந்தேன். கொடைக்கானலில் ஏதோ ஒரு மலைச்சரிவில், அருகில் மருத்துவமனை இல்லாத இடத்தில், போலீசுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் கூட்டாளிகளுக்கு நடுவில் வலிப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதை அவனிடம் நான் விவரிக்கவில்லை. அவன் தானாகவே அங்கே போய் நின்றதை அவன் கண்களில் பார்த்தேன்.

“அதான் லித்தியத்தையும் நிறுத்திட்டேனே அத்தை” என்றான், சற்று நேரம் கழித்து.

அங்கேதான் இன்னொரு கண்ணி இருந்தது. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மனநோய்க்குப் பயன்படும் என்று கண்டுபிடித்து எழுதிய நாள்முதல், லித்தியம் போல் நிதானமாக நின்று காத்த மருந்து இத்துறையில் குறைவு. தற்கொலையைத் தடுப்பதில் அதற்குள்ள வலு பல ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் உச்சநிலை வெறி விரைவில் திரும்பி வரும் ஆபத்து கூடுகிறது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துக்கொண்டு குறைக்க வேண்டும் என்பது மருந்து நூல்களில் உள்ள வழிகாட்டல். சேர்த்துச் சாப்பிட்டால் வலிப்பு. காளானுக்காகச் சட்டென்று விட்டால் நோய் திரும்புதல். இருபக்கமும் அடைபட்ட சந்து அது. அதிலும் இவன் அன்று பேசிய வேகம், ஒரு பேச்சை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவியது, மூன்று மணி நேரம் தூங்கினாலே போதுமாக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னது எல்லாம், அலை ஏற்கெனவே எழத் தொடங்கிவிட்டதோ என்று என்னை நினைக்க வைத்தன. காளானை மருந்தாகத் தேடும் இந்த ஆர்வமே அந்த ஏற்றத்தின் முதல் அடையாளமாக இருக்கலாம் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெகுநேரம் தயங்கினேன். கடைசியில் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

வேறு பொருள்களைப் பற்றியும் அவன் கேட்டதால் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். தென் அமெரிக்காவின் அயவாஸ்கா கஷாயத்தில் டி.எம்.டி.யோடு, எம்.ஏ.ஓ. என்ற நொதியைத் தடுக்கும் ஹார்மின், ஹார்மலின் ஆகியவையும் உள்ளன. செரட்டோனினைக் கூட்டும் மாத்திரைகளோடு அது சேரும்போது காய்ச்சல், விறைப்பு, நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான செரட்டோனின் நோய்க்குறி வரலாம் என்று காலவே, குரோப் என்ற ஆய்வாளர்கள் 1998-லேயே எச்சரித்திருக்கிறார்கள். எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ. வேலை செய்வது எஸ்சிட்டலோபிராம் அடைக்கும் அதே வாயில் வழியாக என்பதால், மாத்திரை இருந்தால் அதன் விளைவு மழுங்கும்; எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்துகளோடு சேர்ந்தால் உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின் வேறு வழியில் வேலை செய்வது. அதன் உறவான எஸ்கெட்டமினுக்கு 2019-ல் அமெரிக்கா ஒப்புதல் தந்தபோது வாய்வழி மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும்படியே தந்தது. ஒரு பொருளுக்குப் படித்ததை இன்னொன்றுக்குப் பொருத்தவே கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினையும் எம்.டி.எம்.ஏ.யையும் குறிப்பிட்ட நோய்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். இந்தியாவில் இவை 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கொடைக்கானலில் காளான் வைத்திருந்தவர்கள் கைதாவது நாளிதழ்களில் அடிக்கடி வருவதுதான். சட்டத்தை நான் அவனிடம் பெரிதாகப் பேசவில்லை. ஆய்வில் சைலோசைபின் கொடுக்கும்போது அளந்த மருந்து, முன்கூட்டிப் பல அமர்வுகள், ஆறேழு மணி நேரம் அருகிலேயே இருக்கும் பயிற்சி பெற்ற இருவர், பிறகும் பேச ஆள் என்று எல்லாம் இருக்கும். செய்தித்தாளில் மடித்துத் தரப்படும் காளானில் எவ்வளவு சைலோசைபின் உண்டு என்பது விற்பவருக்கே தெரியாது. அது அந்தக் காளான்தானா என்பதும் சந்தேகம். ஒருநாள் இந்தச் சிகிச்சை நம் ஊர் மருத்துவமனைகளுக்கும் முறையாக வர வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். எந்த மாத்திரைக்கும் அடங்காத சோர்வோடு என் கடை வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும். அப்படி வரும்போது, வருபவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு காலமாக, எதற்காக என்ற பட்டியலே முதல் பக்கமாக இருக்க வேண்டும்.

இதில் மருத்துவர்கள் பக்கமும் குறை உண்டு. இவன் பெங்களூரில் முன்பு பார்த்த மருத்துவர் ஒருவரிடம் சைலோசைபின் பற்றிக் கேட்டபோது, இதெல்லாம் பேச நேரமில்லை என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாராம். நானும் ஆச்சியிடம் அதைத்தான் செய்தேன் என்பதால் அவரைக் குறைசொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் கேட்க இடமில்லாத கேள்வி காணாமல் போவதில்லை. அது கூட்டாளிகளிடம் போகிறது.

மறுநாள் காலை அவனே இப்போது பார்க்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நிறுத்தியதையும் நிறுத்திய காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னான். அவர் அரைமணி நேரம் பேசினார். எதை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்று மூன்று மருந்துகளுக்கும் தனித்தனியாகச் சொன்னார். அன்றிரவே தூக்கம் முக்கியம் என்றார். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடலில் நீர் வற்றி லித்தியத்தின் அளவு ஏறிவிடும் என்பதை நினைவூட்டினார். ஒரு வாரம் கழித்து லித்தியத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். காளான் கேள்விக்கும் பதில் சொன்னார்: உங்கள் நோய்க்கு இது ஆய்வுகளிலேயே விலக்கப்பட்டிருக்கிறது, ஆனால் வேறு வழிகளை நாம் சேர்ந்து பார்க்கலாம், அடுத்த முறை நேரில் வாருங்கள் என்றார். ஓண்டான்செட்ரான் அட்டையை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். எஸ்சிட்டலோபிராமும் அதுவும் இரண்டுமே இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைச் சற்று நீட்டக்கூடியவை என்பதால், கேட்காமல் எடுத்துக் கொடுத்ததே பிழை என்று எனக்குத் தோன்றியது.

சாந்தி நன்றாக நடந்தது. கூட்டாளிகள் அவன் இல்லாமல் மலைக்குப் போனார்கள். அவன் விடுப்பை நீட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கினான். முதல் மூன்று நாள் பெரும்பாலும் தூங்கினான். எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, முந்தைய இரவு லித்தியம் சாப்பிட்டுச் சரியாக 12 மணி நேரம் ஆகும்படி கணக்கிட்டு, காலை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரைக்குடி ஆய்வகத்துக்கு என்னோடு வந்தான். இரத்தம் எடுத்து முடித்ததும், கையில் பஞ்சை அழுத்தியபடியே அங்கிருந்த பெண்ணிடம் தண்ணீர் கேட்டான். அவர் என்ன மாத்திரை என்று கேட்டார். லித்தியம் என்று சொல்லிவிட்டு விழுங்கினான்.